வெறும் தண்ணீர்ப் பக்கம்

கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்து போகிறது என்று ஆன வருஷமே, நிலத்தை விற்றுவிடலாம் என்று சின்னவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெரியவர் காது கேட்காதவர் மாதிரி இருந்தார். காதெல்லாம் நன்றாகவே கேட்கும். பிடிக்காத பேச்சு வந்தால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தட்டிக்கொண்டிருப்பார், அதில் மண்ணே இல்லாவிட்டாலும்.

அந்தப் பெரியவருக்கு வாக்கப்பட்டவள் அவள். கொழுந்தனுக்கு அண்ணி, ஓரகத்திக்கு அக்கா, புருஷனுக்கு ‘இந்தாம்மா’. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவள் இங்கே வந்த புதிதில் கிணறு இனித்துக் கிடந்தது. கடல் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. ஆனாலும் மண்ணுக்கு அடியில் எப்படியோ ஊர்ந்து வந்துவிட்டது. முதலில் துணிக்குப் போட்ட சோப்பு நுரைக்கவில்லை. பிறகு கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. தலைக்குக் குளித்தால் முடி கயிறாகத் திரிந்தது. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர் என்று ஆயிற்று. பசுமைக்குடில் போட்டு வளர்த்த தக்காளிக்கு லாரித் தண்ணீர் கட்டுபடியாகுமா? அது கிணற்றையே குடித்தது. குடித்துவிட்டு இலையோரம் கருகி நின்றது. காய்கள் கோலிக்குண்டு அளவோடு நின்று, அடிப்பக்கம் கறுத்தன. தப்பித் தவறிப் பழுத்த ஒன்றைக் கடித்தால் மட்டும் அப்படி ஒரு இனிப்பு.

“இனிச்சு என்ன பண்றது, எடை நிக்கலையே” என்பார் சின்னவர்.

இறால் பண்ணைக்காரர் ஒருவர் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவருக்கு உப்புத் தண்ணீர்தான் வேண்டும். பசுமைக்குடிலைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம், மீதி மண்ணைக் குளமாக வெட்டிவிடுவேன் என்றார். அவர் போன பிறகு பெரியவர் குடிலுக்குள்ளேயே வெகு நேரம் இருந்தார். அவள் சாப்பிடக் கூப்பிடப் போனபோது பக்கக் கிளை கிள்ளிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கிள்ளி முடித்த செடிகளில் கிள்ள இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. விரல் நுனியெல்லாம் தக்காளிக் கறை, பச்சையும் கறுப்புமாக.

அந்தச் சமயத்தில்தான் உப்பு டாக்டர் வந்தாள்.

அந்தப் பெயரை வைத்தது ஓரகத்தி. விவசாயக் கல்லூரியில் உப்பு மண்ணில் தக்காளியைப் பிழைக்க வைப்பது பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். ஸ்கூட்டரில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்றினால் ஒரு பக்க முடி படிந்து, ஒரு பக்கம் தூக்கி நிற்கும். சோதனைக்கு ஒரு குடில் கேட்டாள். பெரியவர் உடனே சரி என்றார். சின்னவர் ஒரு நாள் கழித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றார்.

“டாக்டருன்னா ஊசி போடுவீங்களா?” என்று ஓரகத்தி கேட்டாள். எல்லாரும் குடிலுக்குள் பாத்தியோரமாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கையில் பழுப்பு நிற பாட்டில்.

“ஊசி இல்லக்கா. இதைத் தண்ணியில கலந்து இலை மேல அடிக்கணும். மண்ணுல உப்பு ஏறுனா முதல்ல வேருக்குத்தான் தெரியும். வேர் இலைக்குச் சேதி அனுப்பும். அதுக்குன்னு செடி உடம்புலயே ஒண்ணு சுரக்கும். ஹார்மோன்.”

“செடிக்குமா ஹார்மோன்? எனக்குத் தைராய்டுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. காலையில வெறும் வயித்துல முழுங்கணும்.”

“இதுவும் காலையிலதான். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அடிக்கணும்.”

“பாத்தீங்களாக்கா,” என்று ஓரகத்தி அவள் பக்கம் திரும்பினாள், “எனக்கும் தக்காளிக்கும் ஒரே வைத்தியம்.”

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, “சேதி வந்ததும் இலை என்ன பண்ணும்?” என்று கேட்டாள்.

“இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத வாய் இருக்கு. அதை மூடிக்கும். மூடிட்டா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி வெளிய போகாது. உப்புத் தண்ணியை இழுக்கிறதும் குறையும். செடி தாக்குப் பிடிக்கும். ஆனா அதே வாய் வழியாத்தான் அது காத்தையும் எடுத்துச் சாப்பாடு பண்ணுது. ரொம்ப நாள் மூடியே வச்சிருந்தா உசுரோட இருக்கும், வளராது. சேதி லேட்டாப் போனாலும் கெட்டுச்சு, அதிகமாப் போனாலும் கெட்டுச்சு. நாம என்ன பண்றோம்னா, உப்பு மேல ஏறுறதுக்கு முன்னாடியே அளவாச் சொல்லி வைக்கிறோம். தயாராயிடும்.”

அன்றைக்குப் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் ‘உசுரோட இருக்கும், வளராது’ என்பது அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் பேசாதே என்று அவளை யாரும் அதட்டியதில்லை. வந்த புதிதில் ஒருமுறை, நடவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களுக்கு நடுவில் ஏதோ சொன்னாள். எல்லாரும் ஒரு நிமிஷம் மரியாதையாக நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளாகவே நிறுத்திக்கொண்டாள். அதனால் கெட்டுப் போனது எதுவும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எத்தனையோ சண்டைகள் அவளைத் தாண்டிப் போயிருக்கின்றன, அவள் மேல் ஒரு சொட்டுகூடத் தெறிக்காமல்.

சோதனைக்கு டாக்டர் சொன்ன முறை எளிது. குடிலின் நடுவில் நடைபாதை. வலது பக்கப் பாத்திகளுக்கு மருந்து. இடது பக்கத்துக்கு வெறும் தண்ணீர். இரண்டுக்கும் கிணற்றுப் பாசனம்தான். மருந்துக்குச் சிவப்பு டேங்க், தண்ணீருக்கு நீல டேங்க், தோளில் மாட்டி அடிக்கிறது.

“அந்தப் பக்கத்துக்கு ஏன் இல்லை?” என்று பெரியவர் கேட்டார்.

“ஒப்பிட்டுப் பாக்கணும்ல ஐயா.”

“அது செத்துப் போச்சுன்னா?”

“அது செத்தாத்தான், இது பொழைச்சது மருந்தாலன்னு நம்மால சொல்ல முடியும்.”

அவர் எழுந்து வெளியே போனார். செருப்புத் தட்டும் சத்தம் கேட்டது.

சின்னவர் இதை அப்படியே பேரமாக்கிக்கொண்டார். இரவுச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடி, ஏற்கெனவே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

“அண்ணே, நியாயமா ஒண்ணு பேசிக்குவோம். மருந்துப் பக்கம் நின்னு, வெறும் பக்கம் விழுந்துச்சுன்னா, நான் அப்புறம் விக்கிற பேச்சை எடுக்கலை. காடு முழுக்க அந்த மருந்தை அடிச்சு நடுவோம், நானும் குனிஞ்சு நடுறேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா, இறால்காரருக்குச் சரின்னு சொல்லிடணும். பேச்சு மாறக் கூடாது.”

“மாறலை” என்றார் பெரியவர். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கை காட்டினார். போட்டதைச் சாப்பிடவில்லை.

நாற்று நட்டு, கயிறு கட்டி, மருந்தடிக்க ஆரம்பித்த புதிதில் ஒரு விடிகாலை. டீயை எடுத்துக்கொண்டு அவள் குடிலுக்குப் போனாள். பனியில் குடிலின் பிளாஸ்டிக் கூரை உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பெரியவர் சிவப்பு டேங்கில் மருந்தைக் கலந்து முடித்திருந்தார். முடித்துவிட்டு அதைத் தூக்கினார். தோளில் மாட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் அதைச் சாய்த்து, பாதியை நீல டேங்கில் ஊற்றினார். இரண்டு டேங்கையும் ஒரு தூக்குத் தூக்கிக் கனம் பார்த்தார். நீலத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பிறகு இரண்டிலும் தண்ணீர் சேர்த்து நிரப்பினார்.

நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துவிட்டார். அவள் டீயை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

“சர்க்கரை கம்மி” என்றார்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் அவளுக்குப் பதறியிருக்க வேண்டும். நிலம் இருக்குமா போகுமா என்பது அந்தச் சோதனையில் இருக்கிறது, அதைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். பதற்றம் வந்தது, ஆனால் முதலில் வந்தது அது இல்லை. முதலில் வந்தது பொறாமை. அடுப்பை ஊதிக்கொண்டே அதை அவளே கண்டுபிடித்து வெட்கப்பட்டாள். கனம் பார்த்து, குறைந்த பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றுகிற அந்தக் கையை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். ஒரு கதவைப் போல அங்கே நின்றுகொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்தக் கதவுக்குப் பின்னால் இப்படி ஓர் அறை இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

கயிறு கட்டும்போது ஒருநாள் கேட்டே விட்டாள். அவர் செடியைப் பிடித்துக்கொள்ள, அவள் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, அந்த டாக்டர் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டாமா?”

“எதை?”

“நீலத்துல ஊத்துறதை.”

“ஒரே தட்டுல முளைக்க வச்சது” என்றார். “ஒரே நாள்ல நட்டேன். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணி. அது என்னா பண்ணுச்சு? ஒரு பந்தியில இந்த வரிசைக்குச் சோறு, எதிர் வரிசைக்கு வெறும் இலைன்னா உக்காந்தவன் என்னா நினைப்பான்?”

“செடி என்ன நினைக்கும்?”

“எனக்கென்ன தெரியும். நான் நினைக்கிறேன்ல.”

“தம்பி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா வித்துரணும்னு சொல்லியிருக்காரே.”

“ரெண்டும் நல்லா வந்துச்சுன்னா அவன் ஏன் விக்கச் சொல்றான்? காய் தொங்குறதைப் பாத்தா மனசு மாறிடுவான். நீ கயித்தை இறுக்காத, தண்டு வெட்டுப்படும்.”

அவள் கயிற்றைத் தளர்த்தினாள். அவர் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தனக்குத் தானே சொல்லிக்கொள்வது மட்டும் அவளுக்கு எப்போதும் சுலபமாக வந்தது.

காய் தொங்கவில்லை. செடிகள் சாகவுமில்லை. பாதி மருந்து பாதி வேலைதான் செய்யும் போலிருக்கிறது. இரண்டு பக்கமும் முழங்காலுக்கு மேல் வளர்ந்து, அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றன. உச்சி வெயிலில் இரண்டு பக்க இலைகளும் ஒரே மாதிரி தளர்ந்தன, சாயங்காலம் ஒரே மாதிரி தலை தூக்கின. காய்கள் நெல்லிக்காய் அளவில் இருந்தன.

டாக்டர் அளந்து பார்க்க வந்த அன்று சின்னவர் வெளியே எங்கும் போகவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்து குடில் வாசலில் நின்றார். டாக்டர் வலது பக்கம் ஒரு செடி, இடது பக்கம் ஒரு செடி என்று பிடுங்கி, வேரைக் கழுவி, தராசில் வைத்தாள். இலைகளைக் கிள்ளி உறைகளில் போட்டாள். நேரம் ஆக ஆக அவள் பேச்சுக் குறைந்தது. கடைசியில் தக்காளிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“வித்தியாசமே இல்லைங்க ஐயா. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. எங்க கல்லூரிக் குடில்ல நல்லா வந்துச்சு. வெளியில, நிஜமான கிணத்துத் தண்ணியில, வேலை செய்யலை போல.” இலை உறைகளை அடுக்கி வைத்தாள். “மன்னிச்சுக்குங்க. உங்க ஒரு போகத்தை வீணாக்கிட்டேன்.”

“நீங்க என்னம்மா பண்ணுவீங்க,” என்றார் சின்னவர். வென்ற மாதிரி அவர் முகம் இல்லை. காய்ச்சல் கண்டவர் மாதிரி இருந்தது. “முயற்சி பண்ணியாச்சு. அண்ணே, நான் சாயங்காலம் அவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுறேன்.”

பெரியவர் தலையைக் குனிந்தபடி நின்றார். ஒரு வார்த்தை வரும் என்று அவள் பார்த்தாள். வரவில்லை. அவர் கால் செருப்பைத் தேடி மெல்ல நகர்ந்தது. இப்போது வெளியே போய்விடுவார், தட்டுவார், எல்லாம் முடிந்துவிடும். வருஷக்கணக்காகத் தன் உதட்டை மூடிக்கொண்டு எதைக் காப்பாற்றினோம் என்று அந்த ஒரு கணத்தில் அவளுக்கு விளங்கவில்லை.

“ரெண்டு பக்கத்துக்கும் மருந்துதான் அடிச்சது” என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“நீல டேங்க்லயும் மருந்து. பாதி பாதி. நான் பாத்தேன். பாத்துட்டுச் சும்மா இருந்துட்டேன்.”

டாக்டர் எழுந்துவிட்டாள். “ஐயா?”

பெரியவர் தலை நிமிரவில்லை. “ஆமா” என்றார்.

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்தான். வஞ்சனை இல்லாம சரிபாதி.”

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படப் போகிறாள் என்று தோன்றியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருந்தது. “எல்லாத்துக்கும் அரைச் சேதி போயிருக்கு” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. “ஒண்ணுக்கும் முழுசாச் சொல்லலை. நானும் ரெண்டு மாசமா ராத்திரி தூங்காம, எங்க தப்பு, எங்க தப்புன்னு...”

சின்னவருக்குத்தான் கோபம் வந்தது. “ஏண்ணே, சின்னப் பிள்ளை விளையாட்டா இது? அந்தப் பொண்ணு ஸ்கூட்டர்ல வெயில்ல வந்து போகுது. நான் ஒரு முடிவுக்குக் காத்துக்கிட்டுக் கிடக்கிறேன். நீங்க செடிக்குப் பாவம் பாத்தீங்களா? எனக்குப் பாத்தீங்களா? எப்படியோ போகட்டும். ஒரே மாதிரி இருந்தா விக்கணும்னு பேச்சு. பேச்சுன்னா பேச்சு.”

“பேச்சு சோதனையை வச்சுத்தானே தம்பி,” என்றாள் அவள். “சோதனையே நடக்கலையே.”

சின்னவர் அவளை உற்றுப் பார்த்தார். புதிதாக யாரோ வீட்டுக்கு வந்திருப்பது போலப் பார்த்தார்.

“அண்ணி, நீங்க இவ்வளவு பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது” என்றாள். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். “இன்னும் ஒரு தடவை ஒழுங்காப் பண்ணிப் பாக்கலாம். அதுலயும் ஒரே மாதிரின்னா நானே உங்க அண்ணனை ஃபோன் பண்ண வைக்கிறேன்.”

காய்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, கோடையில் கிணற்றில் உப்பு இன்னும் ஏறியிருக்கிறது, நாற்று நட்டு அதை விட்டால் ஒரு மாதத்துக்குள்ளேயே தெரிந்துவிடும் என்றாள் டாக்டர். ஒரு நிபந்தனை மட்டும். “ஐயா டேங்க் பக்கமே வரக் கூடாது.”

“நான் அடிக்கிறேன்” என்றார் சின்னவர். “எனக்கு இந்தப் பாவம் புண்ணியம் எல்லாம் வராது.”

அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி, “நல்லா அடிப்பீங்க,” என்றாள். “சிவப்பு டேங்க்லயும் தண்ணியை ஊத்திட்டு, அய்யோ பாவம் மருந்து வேலை செய்யலைன்னு வந்து நிப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?”

சின்னவர் மறுத்துப் பேச வாயெடுத்தார். என்ன நினைத்தாரோ, அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். எல்லார் கண்ணும் அவள் மேல் வந்து நின்றது.

அப்படித்தான் இரண்டு டேங்கும் அவள் தோளுக்கு வந்தன.

பெரியவர் டாக்டர் போட்ட நிபந்தனையைக் காப்பாற்றினார். குடிலுக்குள் வரவில்லை. வெளியே உடைந்த குழாய்களை ஒட்டினார், வேலியைச் சரிசெய்தார், உடையாத குழாய்களையும் கழற்றி மாட்டினார். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் மேல் கோபமா என்று தெரியவில்லை. அவரிடம் கோபம் என்றால் என்ன நிறத்தில் வரும் என்றே அவளுக்குத் தெரியாது.

முதலில் எல்லாம் சாதாரணமாக இருந்தது. பிறகு இடது பக்கம் உச்சி வேளையில் தளர ஆரம்பித்தது. சாயங்காலம் எழுந்தது. அப்புறம் சாயங்காலமும் எழவில்லை. இலையோரம் காகிதம் போலச் சுருண்டது. பாத்திமேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. நடைபாதைக்கு அந்தப் பக்கம், அதே கிணற்றைக் குடித்த நாற்றுகள் கரும்பச்சையாக, குட்டையாக, திடமாக நின்றன. குடில் வாசலில்தான் லாரித் தண்ணீர் டிரம். ஒரு குடம் மொண்டு ஊற்றினால் யாருக்குத் தெரியும்? அவளுக்குக் கை வரவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை குடத்தை எடுத்தும் விட்டாள். எடுத்ததற்காக அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

அதைவிட மோசமானது வேறொன்று. தினமும் மதியம் உள்ளே நுழையும்போது, நேற்றைவிட இன்று இன்னும் விழுந்திருக்கிறதா என்று அவள் கண் முதலில் இடது பக்கம்தான் போனது. விழுந்திருந்தால் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. தாகத்தைப் பார்த்துச் சும்மா இருக்கப் பழகிவிடலாம். அது நல்லதற்கு என்று சந்தோஷப்படுகிற மனதோடு இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இந்த மனதை அவருக்குக் கொடுக்காமல் தானே வாங்கிக்கொண்டது சரிதான் என்று நினைத்தாள். அவரால் முடியாது. தன்னால் முடிகிறது என்பதை நினைத்தால் பெருமையாக இல்லை, ஆனால் முடிந்தது.

ஒரு மதியம் சின்னவர் உள்ளே வந்தார். நடைபாதையில் மேலும் கீழும் நடந்தார். இடது பக்கச் செடிகள் கயிற்றில் தொங்கின, துவைத்துப் போட்ட துணி மாதிரி. வலது பக்கம் ஒரு செடியைத் தொட்டு, தண்டை அழுத்திப் பார்த்தார். கட்டைவிரலால் இலையைத் தேய்த்து முகர்ந்தார். அவர் இந்தக் குடிலில் தவழ்ந்தவர் இல்லை என்றாலும், இதே மண்ணில் தக்காளி பறித்து வளர்ந்தவர்தான். அது அந்த முகரலில் தெரிந்தது.

“சரி” என்றார். வெளியே போய், அங்கேயே நின்று ஃபோன் செய்தார். “இல்லைங்க, குடுக்கிறதா இல்லைங்க. ஆமாங்க. அண்ணன் இல்லைங்க, நான்தான் சொல்றேன்.”

பெரியவர் கிணற்றடியில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி பேசியது அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அவள் வந்து சொல்லும் வரை நிமிராமல் இருந்தார்.

“தம்பி சொல்லிட்டாரு, கேட்டீங்களா?”

“ம்.”

“வலது பக்கம் நல்லா நிக்குது. தண்டு கனமா இருக்கு.”

“அந்தப் பக்கம்?”

“போச்சு.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

கையிலிருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “இப்பத்தான் தெரிஞ்சு போச்சே. நல்ல தண்ணி ஊத்திப் பாக்கலாமா?”

“நாளைக்கு டாக்டர் வந்து பிடுங்கி எடை போடுறாங்க. அதுவரைக்கும் ஊத்தக் கூடாது.”

அவர் தலையாட்டினார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, “உனக்கு எப்படி மனசு வந்துச்சு?” என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. தெரியாமல் கேட்கிற குரல்.

“வரலை” என்றாள் அவள். “வராமத்தான் செஞ்சேன்.”

அவர் அவளைப் பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் பார்த்து அவளுக்கு ஞாபகம் இல்லை. பிறகு எழுந்து, கையைக் கழுவி, குடிலைப் பார்க்க நடந்தார். அவள் தடுக்கவில்லை. கூடவே போனாள். உள்ளே நுழைந்ததும் நேராக இடது பக்கம் திரும்பினார். பாத்தி பாத்தியாக, ஒரு செடியும் விடாமல் பார்த்துக்கொண்டே போனார், கைகளைப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு.